மூலநிரல் பொது, பெயர் தனி

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் இருந்து 'பார்ஓஎஸ்' என்ற கைபேசி இயங்குதளம் அறிவிக்கப்பட்டது. ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஜேண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. சில நாட்களில் மத்திய அமைச்சர்கள் இருவர் அதை இயக்கிப் பார்த்த படங்கள் வந்தன. கூடவே கேலியும் கிளம்பிவிட்டது: இது ஆண்ட்ராய்டுதானே, பேரை மட்டும் மாத்தி ஒட்டிட்டாங்க!

அதே வருடம் மே மாதம் சோஹோ 'உலா' என்ற உலாவியை வெளியிட்டபோதும் இதே பேச்சுதான். உள்ளே இருப்பது குரோமியம், வெளியே தமிழ்ப் பெயர், அவ்வளவுதானே என்றார்கள்.

உள்ளே இருப்பது என்ன என்பதில் கேலி செய்தவர்கள் சொன்னது சரி. ஆனால் பெயர் மாற்றியதை ஒரு தில்லுமுல்லு போலச் சொன்னதுதான் தலைகீழ். பெயரை மாற்றாமல் விட்டிருந்தால்தான் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும். ஆண்ட்ராய்டின் மூலநிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். 'ஆண்ட்ராய்டு' என்ற பெயரை மட்டும் தொடக்கூடாது. அது கூகுளின் வணிகக்குறி. கூகுள் வகுத்திருக்கும் பொருத்தச் சோதனைகளில் தேறிய கருவிகளுக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கும். அமேசானே தன் டேப்லெட்டில் ஆண்ட்ராய்டு நிரலைப் போட்டுவிட்டு 'ஃபயர் ஓஎஸ்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது.

ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி அப்பாச்சி உரிமம் 2.0-இன் கீழ் வருகிறது. 2004-ல் வந்த அந்த உரிமத்தின் ஆறாவது பிரிவு ஒரே வாக்கியம்: இந்த உரிமம் வணிகக்குறிகளைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை, நிரல் எங்கிருந்து வந்தது என்று நேர்மையாகக் குறிப்பிடுவதைத் தவிர. உரிமம் முழுக்கக் கொடு கொடு என்று கொடுத்துக்கொண்டே வருபவர், அந்த ஒரு இடத்தில் கையை மூடிக்கொள்கிறார்.

ஏன்? எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பை வைத்துச் சொல்கிறேன். 'பெங்களூரா' ஒட்டுக்கன்றை யாரும் வாங்கி நடலாம். நான் நட்டதால் உங்கள் மரம் குறைந்துவிடாது. ஆனால் மாங்கூழ் டப்பாவின் மேல் இருக்கும் ஆலையின் பெயர் அப்படியல்ல. ஊரில் இருக்கும் எல்லாரும் அதே பெயரை ஒட்டினால் அந்தப் பெயருக்கு அர்த்தமே போய்விடும். காப்புரிமையை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் தேயாது. பெயரை எல்லாருக்கும் கொடுத்தால் தேய்ந்தே போகும்.

இந்தப் பிரிவினை உரிமங்களுக்குள் எப்படி வந்தது என்று தேடிப்போனால், நான் பார்த்தவரை, தெளிவான முதல் குரல் ஒரு கம்பெனியுடையது அல்ல, ஒரு பேராசிரியருடையது. டொனால்ட் நூத் 1978 வாக்கில் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதினார். கணிதப் புத்தகங்களை அழகாக அச்சிட இன்றுவரை அதுதான். 1990-ல் அதன் வளர்ச்சியை நிறுத்தப் போவதாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். நிரலை யாரும் எடுத்து எதுவும் செய்துகொள்ளலாம், ஆனால் மாற்றியதை டெக் என்று அழைக்காதீர்கள் என்பது அதன் சாரம். டெக் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவர் எழுதிய ஒரு கொடூரமான சோதனையில் தேற வேண்டும். பதிப்பு எண்ணும் பையின் மதிப்பை நோக்கி ஒவ்வொரு இலக்கமாக நகர்கிறது. 2021-ல் 3.141592653. அவர் காலத்துக்குப் பிறகு எண் பை ஆகிவிடும், மிச்சமிருக்கும் பிழைகள் எல்லாம் நிரந்தரமாகிவிடும்!

அவருடைய கவலை காசு அல்ல. இன்று அச்சுக்கோத்த ஒரு கோப்பை முப்பது வருடம் கழித்து வேறொரு கணினியில் ஓட்டினாலும் அதே இடத்தில் வரி முறிய வேண்டும். 'டெக்' என்ற பெயருக்குக் கீழே ஊருக்கொரு நிரல் இருந்தால் அது நடக்காது.

இதைத் தமிழர்களுக்கு விளக்கவே தேவையில்லை, நாம் பட்டு அனுபவித்தவர்கள். யூனிகோடுக்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில்... வேறு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தைச் செருகிய எழுத்துருக்கள். ஒவ்வொன்றிலும் செருகிய இடம் வேறு. பாமினியில் 'அம்மா' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியும் தெரியும். கோப்புக்குள் தமிழ் என்று எதுவுமே கிடையாது. அது தமிழ் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, கோப்பில் பதிந்திருந்த எழுத்துருவின் பெயர். யாராவது அதே பெயரில் எழுத்து இடங்களை மாற்றி இன்னொரு எழுத்துரு விட்டிருந்தால் கதை முடிந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்த பிறகும், அரசு அலுவலகக் கோப்புகளில் 'வானவில் அவ்வையார்' வெகுகாலம் புழங்கியது. (அது கட்டற்ற எழுத்துரு அல்ல, பெயர் எவ்வளவு சுமக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.)

அவ்வையார் என்றதும் ஊர்ப்பாசம் வந்துவிடுகிறது. தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்ககால ஔவை எங்களுக்கு நெருங்கிய சொந்தம் மாதிரி. ஆனால் ஆத்திசூடி பாடிய ஔவை வேறொருவர், பல நூற்றாண்டு பிந்தியவர் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டது. இன்னும் சில ஔவைகளும் உண்டு என்பார்கள். காவல் இல்லாத பெயருக்கு என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தப் பெயருக்குக் கீழே பாட்டுகள் சேர்ந்துகொண்டே போயின, பாடியவர்கள் கரைந்து போனார்கள். மறுபக்கம் பாரதியைப் பாருங்கள். அதே வடிவம், அதே அகர வரிசை, உள்ளடக்கம் மட்டும் வேறு. அவர் வைத்த தலைப்பு 'புதிய ஆத்திசூடி'. எந்த உரிமமும் கட்டாயப்படுத்தாமலே மாற்றியதற்கு மாற்றுப் பெயர்!

சரி, மென்பொருளுக்குத் திரும்புவோம். 1997-ல் டெபியன் குழு, எது கட்டற்ற மென்பொருள் என்று வரையறுக்க உட்கார்ந்தபோது இந்தக் கேள்வி வந்தது. மாற்றிக்கொள் ஆனால் பெயரை மாற்று என்று சொல்லும் உரிமம் கட்டற்றதா? பெயரை மாற்றச் சொல்வதும் ஒரு கட்டுதானே? கடைசியில் விதி நான்கில் அனுமதித்தார்கள், அதையும் இது ஒரு சமரசம்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்கள். மறு வருடம் வந்த ஓப்பன் சோர்ஸ் வரையறை டெபியன் விதிகளில் இருந்து எடுத்ததுதான், அதிலும் இந்தச் சலுகை அப்படியே இருக்கிறது.

அந்தச் சலுகையைப் பிறகு ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். பிஎச்பி உரிமம் கொஞ்சம் வேடிக்கை. உங்கள் மென்பொருளுக்கு 'பிஎச்பி இன்னது' என்று பெயர் வைக்கக் கூடாதாம், 'பிஎச்பிக்கான இன்னது' என்று வைக்கலாமாம். ஒரு வேற்றுமை உருபில் சட்டம் தொங்குகிறது! 2000-ல் வந்த அப்பாச்சி 1.1 உரிமமும் அப்பாச்சி என்ற சொல்லே பெயரில் வரக்கூடாது என்றது. உரிமத்துக்குள்ளேயே இப்படிக் கட்டுப்பாடு வைத்ததால் அது ஜிபிஎல்லோடு சேராது என்று ஸ்டால்மனின் அமைப்பு சொல்லிவிட்டது. பெயர் விவகாரத்தை நிரல் உரிமத்தில் இருந்து பிரித்து வணிகக்குறிச் சட்டத்திடம் விட்டுவிடும் வழக்கம் அதன் பிறகுதான் நிலைத்தது.

பெயரைக் காவல் காக்காமல் விட்டால் ஆகாதா, நாம்தான் வியாபாரி இல்லையே என்று கேட்கலாம். லினக்ஸ் அப்படித்தான் இருந்தது. 1994-ல் அமெரிக்காவில் லினக்ஸோடு தொடர்பே இல்லாத வில்லியம் டெல்லா குரோச்சே என்பவர் அந்தப் பெயருக்கு விண்ணப்பித்தார், 1995-ல் பதிவும் கிடைத்தது. லினக்ஸ் விற்பவர்கள் வருமானத்தில் பங்கு தர வேண்டும் என்று 1996-ல் கடிதங்கள் வர ஆரம்பித்தபோதுதான் எல்லாருக்கும் விழிப்பு வந்தது. வழக்குப் போட்டு, 1997-ல் சமரசமாகி, பெயர் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. வேலி போடாதவன் தோட்டத்தில் அடுத்தவன் வேலி போட்டுவிட்டான்.

எதிர்ப்பக்க உதாரணம் ஃபயர்ஃபாக்ஸ். அது பிறந்தது 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில், 2002-ல். ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் ஆட்சேபித்தது. 'ஃபயர்பேர்ட்' ஆக்கினார்கள். அதே பெயரில் ஒரு கட்டற்ற தரவுத்தளம் இருந்தது, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ். இரண்டு முறை பெயரைப் பறிகொடுத்தவர்கள் மூன்றாவது பெயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. 2006-ல் டெபியனிடம் சொன்னார்கள்: பெயரைப் போட்டால் சின்னத்தையும் போட வேண்டும், நீங்கள் செய்யும் மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதல் வேண்டும். சின்னத்தின் படம் அப்போது கட்டற்ற உரிமத்தில் இல்லை, டெபியன் அதைச் சேர்க்க முடியாது. பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் போடும்போதெல்லாம் மோசில்லாவிடம் கைகட்டி நிற்கவும் முடியாது. அதனால் டெபியனில் ஃபயர்ஃபாக்ஸ் 'ஐஸ்வீசல்' ஆனது. நெருப்புக்குப் பனி, நரிக்கு மரநாய்.

பத்து வருடம் இது நீடித்தது. பெயரைப் பார்த்து ஆளை நிறுத்தும் வாட்ச்மேன் மாதிரி, சில இணையதளங்கள் ஐஸ்வீசல் என்ற பெயரைக் கண்டதும் உன் உலாவி எனக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பின. உள்ளே இருப்பது ஃபயர்ஃபாக்ஸின் அதே நிரல்! 2016-ல் இரு தரப்பும் இறங்கிவந்து பழைய பெயர் திரும்பியது. இதில் முரண் என்னவென்றால், 'டெபியன்' என்பதும் பதிவு செய்த வணிகக்குறிதான். சென்னை சி-டாக் 2007-ல் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது 'பாஸ்' லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து அது வந்தது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் தொட்ட முதல் லினக்ஸ் அதுதான். ஆனால் டெபியன் என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் இது நீதிமன்றம் வரை போனது 2014 டிசம்பரில். சயனோஜென்மாட் என்பது ஆண்ட்ராய்டு நிரலை எடுத்து உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தது. அதை வைத்து 'சயனோஜென்' என்ற கம்பெனி உருவானது. ஒன்பிளஸ் தன் முதல் கைபேசியில் அதன் இயங்குதளத்தைப் போட்டு, பின்பக்கத்தில் சின்னத்தையும் பொறித்து விற்றது. இதற்கிடையே சயனோஜென் கம்பெனி இந்தியாவுக்கான தனி உரிமையை மைக்ரோமேக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ஒன்பிளஸ் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கிய அதே மாதம், மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை விலக்கிவிட்டது என்றாலும், ஒன்பிளஸ் பாடம் படித்துக்கொண்டது. மறு வருடமே ஆக்சிஜன்ஓஎஸ் என்று சொந்தப் பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த காட்சி. 2016 கடைசியில் சயனோஜென் கம்பெனி சேவைகளை மூடியது. சம்பளம் வாங்காமல் வருடக்கணக்கில் உழைத்த ஆர்வலர்களிடம் நிரல் முழுக்க இருந்தது, பெயர் மட்டும் இல்லை. அது கம்பெனியின் சொத்து. 'லினியேஜ்ஓஎஸ்' என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். ஓப்பன்ஆபிஸ் 2010-ல் லிப்ரேஆபிஸ் ஆனதும், ஹட்சன் 2011-ல் ஜென்கின்ஸ் ஆனதும் இதே கதைதான், இரண்டிலும் பெயரைப் பிடித்திருந்தது ஆரக்கிள்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது சென்ட்ஓஎஸ். ரெட்ஹேட் தன் வணிக லினக்ஸின் மூலநிரலை 2023 வரை பொதுவில் வெளியிட்டுவந்தது. அதை எடுத்து, பெயரையும் சின்னத்தையும் நீக்கி, திரும்பத் தொகுத்து இலவசமாகக் கொடுத்தது சென்ட்ஓஎஸ். 2005-ல் ரெட்ஹேட்டின் வக்கீல்கள் எழுதினார்கள்: எங்கள் பெயரை உங்கள் தளத்தில் இப்படிப் போடாதீர்கள். அன்று முதல் சென்ட்ஓஎஸ் தன் மூலத்தை 'வட அமெரிக்காவின் முக்கியமான ஒரு லினக்ஸ் விற்பனையாளர்' என்றே குறிப்பிட்டது. எங்க பாட்டி காலத்தில் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தாத்தா பெயர் சந்திரன் என்றால் ரேஷன் கார்டுக்காரரிடம் வானத்தைக் காட்டுவார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், வாய் மட்டும் சொல்லாது.

2014-ல் ரெட்ஹேட் சென்ட்ஓஎஸ்ஸைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது. பெயரும் சேர்ந்தே போனது. அப்போது எல்லாரும் கைதட்டினோம். 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு: 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021-ஓடு முடிந்துவிடும். பெயர் 'சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்' என்ற வேறு சரக்குக்குத் தொடரும். சர்வர் பார்க்கும் வேலையில் இருந்த எங்களுக்கு அந்த டிசம்பர் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வரி நிரலைக்கூட யாரும் நம்மிடமிருந்து பிடுங்கவில்லை. பெயருக்குப் பின்னால் இருந்த வாக்குறுதி மட்டும் மாறிவிட்டது. அதற்கே ராக்கி, அல்மா என்று புதுப் பெயர்கள் தேடி ஓட வேண்டி வந்தது.

ஆகவே பார்ஓஎஸ்ஸோ பாஸோ உலாவோ, பெயர் மாற்றியதைக் கேலி செய்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. நான் கேட்கும் கேள்வி வேறு. மூலத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை சரிசெய்யப்பட்டால், எத்தனை நாளில் இந்தப் பெயரில் அந்தத் திருத்தம் என் கைபேசிக்கு வரும்? பெயர் வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

பெயர்க் கட்டுப்பாடு பெரும்பாலும் நியாயம் என்றே நினைக்கிறேன். எழுத்துருவில்தான் எனக்கு மனத்தாங்கல்.

2003-ல் பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் 'வேரா' என்ற எழுத்துருவைக் கொடுத்தபோது, மாற்றினால் வேரா என்ற பெயர் வரக்கூடாது என்றது. அப்படி மாற்றி வளர்ந்ததுதான் 'டெஜாவு', லினக்ஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த முகம். 2007-ல் எஸ்ஐஎல் அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமம் 1.1 இதையே ஒரு விதியாக்கியது. எழுத்துருவை உருவாக்கியவர் விரும்பினால் ஒரு பெயரை 'ஒதுக்கப்பட்ட பெயர்' என்று அறிவிக்கலாம். மாற்றியவர் எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் அந்தப் பெயரைப் போடக்கூடாது. இணையத்தில் எழுத்துரு போகும்போது சுமை குறைக்கத் தேவையான எழுத்துகளை மட்டும் வெட்டி அனுப்புவார்கள், தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ்த் துண்டு மட்டும். அப்படி வெட்டுவதும் மாற்றம்தான் என்பது எஸ்ஐஎல்லின் விளக்கம். கூகுள் எழுத்துருத் தளம் இந்த ஒதுக்கீடு வேண்டாம் என்று வடிவமைப்பாளர்களிடம் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

நமக்கு இதில் வேறொரு சங்கடம். 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12-இல் தமிழுக்குத் துணைத் தொகுதி ஒன்று சேர்ந்தது. 51 குறிகள். முந்திரி, காணி, மா போன்ற பின்னங்கள், பழைய அளவைக் குறிகள், கணக்குச் சுருக்கங்கள். பழைய நிலப் பத்திரம், கோயில் கணக்கு படிப்பவர்களுக்கு இவை இல்லாமல் ஆகாது. ஆனால் அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் இவை இருக்க வாய்ப்பே இல்லை. ஆர்வமுள்ள ஒருவர் உட்கார்ந்து 51 குறிகளை வரைந்து ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஓர் எழுத்துருவில் சேர்க்கிறார் என்று வையுங்கள். ஒதுக்கப்பட்ட பெயர் இருந்தால் புதுப் பெயரில்தான் வெளியிட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளோ பழைய பெயரைத்தான் தேடும். திருத்தம் இருக்கிறது, யாருக்கும் போய்ச் சேராது. ஆங்கிலத்துக்கு நூறு பேர் வரைகிறார்கள், ஒன்று போனால் இன்னொன்று. நமக்கு ஒருவர் வரைந்ததே பெரிது.

பழைய எட்டுபிட்டு எழுத்துருக்களின் காலத்தில் பெயர்க் காவல் நம்மைக் காப்பாற்றியிருக்கும். யூனிகோடு காலத்தில் எழுத்தின் இடம் தரத்திலேயே உறுதியாகிவிட்டதால், அதே காவல் பெரும்பாலும் குறுக்கே நிற்கிறது. நூத் பயந்த வரிமுறிவுப் பிரச்சினை இன்னும் உண்டுதான், அகலம் மாறினால் பக்கம் மாறும். ஆனால் இல்லாத குறியைச் சேர்ப்பதால் இருக்கிற குறியின் அகலம் மாறாது.

யாராவது பின்னக் குறிகளைச் சேர்க்கும் வேலையில் இறங்குவதாக இருந்தால், எழுத்துருவோடு வரும் உரிமக் கோப்பின் முதல் சில வரிகளைப் பாருங்கள். காப்புரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் ஒதுக்கப்பட்ட பெயர் என்ற குறிப்பு இருந்தால், வரைய ஆரம்பிக்கும் முன்பே அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பு இல்லையென்றால் பழைய பெயரிலேயே வெளியிட அந்த விதி தடுக்காது. ஆனால் பெயர் தனியாக வணிகக்குறியாகவும் இருக்கலாம், 'நோட்டோ' கூகுளின் வணிகக்குறி என்பது போல. அதையும் பார்த்துவிடுங்கள்.